கொடி ஏந்திய டாக்டர்

1948-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி. லண்டனில் நல்ல வெயில். வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஜனத்திரள் நிரம்பி வழிந்தது. யுத்தத்தின் காரணமாகப் பன்னிரண்டு வருஷங்கள் நின்று போயிருந்த ஒலிம்பிக் பந்தயங்கள் மறுபடியும் ஆரம்பமாகிற நாள் அது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கி வைக்க வந்திருந்தார். 59 நாடுகளின் வீரர்கள் வரிசை வரிசையாக மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு புதுக் கொடி வந்தது. சுதந்திரம் பெற்று ஒரு வருஷங்கூட நிறையாத பாரத நாட்டின் மூவர்ணக் கொடி! ஒலிம்பிக் மைதானத்தில் அது ஏந்தி வரப்பட்டது அதுவே முதல் தடவை.

கொடியை ஏந்தி வந்தவர் ஒரு ராணுவ அதிகாரியல்ல. மகாராஜா வீட்டுப் பிள்ளையுமல்ல. உலகப் புகழ் பெற்ற ஹாக்கி வீரருங்கூட அல்ல. பர்மா எல்லையை ஒட்டிய நாகா மலையில் பிறந்த முப்பது வயது வாலிபர். கல்கத்தாவில் வைத்தியக் கல்லூரி மாணவர். இந்தியக் கால்பந்துக் கோஷ்டியின் காப்டன்.

தலிமேரன் ஆவோ என்பது அவர் பெயர். டி. ஆவோ என்று சுருக்கமாக அழைப்பார்கள்.

அன்று அவர் கையில் இருந்தது கொடி. அவர் மனத்தில் இருந்தது ஒரு வாக்கு. அந்த வாக்குக்காகப் பிற்காலத்தில் அவர் எதை எதை விட்டுக் கொடுத்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு.

மலை ஊர்ப் பிள்ளை

குற்றாலத்தையும் திரிகூட மலையையும் தினமும் பார்த்து வளர்ந்த தென்காசிவாசிகளுக்கு மலை என்றால் அருவியும் சாரலும் நினைவுக்கு வரும். நாட்டின் அந்தக் கோடியில் உள்ள நாகா மலை வேறு மாதிரி. அங்கே மலையடிவாரத்தில் ஊர் கிடையாது. மலை முகட்டில்தான் ஊர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு. பக்கத்து ஊரைக் கண்ணால் பார்க்கலாம். போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அப்படிப்பட்ட சாங்கி என்னும் கிராமத்தில் 1918-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி தலிமேரன் பிறந்தார். இன்றைய நாகாலாந்து மாநிலத்தில் மொகோக்சுங் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. நாகர்களில் பல இனத்தார் உண்டு. அவர்களில் ஓர் இனத்தாருக்கு ஆவோ என்று பெயர். நம்மவர்கள் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொள்வதுபோல, அவர்களில் பலர் தம் பெயரோடு இனத்தின் பெயரைச் சேர்த்துக் கொள்கிறார்கள்.

தகப்பனார் சுபோங்வதி கிறிஸ்தவப் போதகர். பன்னிரண்டு குழந்தைகள் பிறந்த பெரிய குடும்பம். அதில் நான்காவது பிள்ளை தலிமேரன். போதகருக்கு இம்பூர் என்ற இடத்தில் இருந்த மிஷனில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. மிஷனில் பள்ளிக்கூடம் இருந்தது. அதைவிடப் பிள்ளைகளுக்கு முக்கியமாக, ஒரு விளையாட்டுத் திடலும் இருந்தது.

திடல் இருந்தது, பந்து எங்கே கிடைக்கும்? கடையில் வாங்குகிற தோல் பந்துக்குப் போதகர் வீட்டில் பணம் ஏது? கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிப் பிள்ளைகள் உதைத்தார்கள். துணிப்பந்து துள்ளாது, உருண்டு ஓடாது. அதைக் காலிலிருந்து விலகாமல் கொண்டு போவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் தலிமேரனுக்குச் சிறு வயதிலேயே கைகூடிற்று.

மேற்படிப்புக்காக ஜோர்ஹாட் மிஷன் பள்ளிக்கு அனுப்பினார்கள். மலையை விட்டு அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கி வந்த பையனுக்கு அங்கேதான் ஒழுங்கான பந்தாட்டம் அறிமுகமாயிற்று.

தகப்பனாரின் வார்த்தை

1935-ம் வருஷம் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. டைபாய்டு ஜுரம் கண்டு போதகர் படுத்துவிட்டார். மலைப் பிரதேசத்தில் அந்தக் காலத்தில் டைபாய்டு என்றால் பிழைப்பது அரிது. அதைக் குணப்படுத்தும் மருந்து உலகத்திலேயே அப்போது இல்லை. இன்று சாதாரணமாகக் கொடுக்கிற மருந்துகளெல்லாம் அதற்குப் பத்து வருஷங்களுக்கு அப்புறம் வந்தவை. ஜுரத்தைத் தணித்து, கஞ்சி கொடுத்து, அருகில் இருந்து பராமரித்தால் சிலர் தேறுவார்கள். அப்படிப் பராமரிக்கத் தெரிந்த டாக்டர்களும் நாகா மலையில் விரல் விட்டு எண்ணக் கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

போதகர் பிழைக்கவில்லை. கண் மூடுவதற்கு முன் மகனிடம் ஒன்று கேட்டுக் கொண்டார். டாக்டருக்குப் படிக்க வேண்டும். படித்துவிட்டுத் தம் சொந்த ஜனங்களுக்கே வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே அது.

தலிமேரனுக்கு அப்போது வயது பதினேழு. நிறையத் தம்பி தங்கைகள். சம்பாதிக்கிற தகப்பனார் போய்விட்டார். டாக்டர் படிப்பு என்பது எட்டாத கனவு. இருந்தாலும் வாக்கு வாக்குத்தானே?

கௌஹாத்தியில் காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். படிப்போடு ஆட்டமும் வளர்ந்தது. கால்பந்து மட்டுமல்லாமல் ஓட்டம், தாண்டுதல் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். ஐந்தடி பத்து அங்குல உயரம். மலை ஏறி இறங்கி உரமேறிய கால்கள். ஊரில் புகழ் பெற்றிருந்த மகாராணா கிளப் அவரைத் தன் கோஷ்டியில் சேர்த்துக் கொண்டது. அங்கே சரத் தாஸ் என்ற ஆட்டக்காரர் நெருங்கிய தோழரானார். பிற்காலத்தில் இரண்டு பேரும் கல்கத்தாவில் ஒரே கிளப்புக்கு ஆடினார்கள்.

கல்கத்தாப் பட்டணம்

1942-ல் ஒரு தென்காசிப் பையன் டாக்டர் பட்டம் பெற ஆசைப்பட்டால் என்ன செய்திருப்பான்? திருநெல்வேலியில் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது 1965-ல்தான். மதுரையிலும் 1954-ல்தான். ஆகவே அவன் சென்னைக்கு ரயிலேற வேண்டும். பாஷை ஒன்று, சாப்பாடு ஒன்று, தூரம் மட்டுந்தான் அதிகம்.

நாகா மலைப் பையனின் பாடு அதைவிடக் கஷ்டம். அஸ்ஸாமில் பட்டப் படிப்புக்கான வைத்தியக் கல்லூரி திப்ருகாரில் தொடங்கியது 1947-ல். அதற்கு முன்னால் கல்கத்தாவைத்தான் நம்பியிருக்க வேண்டும். அங்கே பாஷை வேறு, உணவு வேறு, முகச்சாயலே வேறு. தலிமேரன் கல்கத்தாவுக்குப் போய்க் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று ஆர்.ஜி. கார் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்படுவது அதுவே.

அவர் போய்ச் சேர்ந்த காலமும் நல்ல காலமல்ல. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டார்கள். மறு வருஷம் வங்காளத்தில் கொடிய பஞ்சம். கல்கத்தாத் தெருக்களில் மக்கள் பட்டினியால் விழுந்து செத்தார்கள். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் நாகா மலையின் கோஹிமாவிலேயே பெரும் போர் நடந்தது. பட்டணத்தில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மாணவருக்குத் தம் மலையின் பெயரே யுத்தச் செய்தியாக வந்து கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் 1943-ல் மோகன் பாகான் கிளப் அவரைச் சேர்த்துக் கொண்டது.

மோகன் பாகான் என்றால் என்னவென்று கல்கத்தாக்காரர்களைக் கேட்க வேண்டும்! 1889-ல் பிறந்த கிளப் அது. 1911-ல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளைக்காரக் கோஷ்டியை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பிடித்தது. பூட்ஸ் அணிந்த சோல்ஜர்களை எதிர்த்து அன்று ஆடிய பதினொரு வங்காளிகளில் பத்துப் பேர் வெறுங்காலர்கள். ஆளுகிறவனை ஆளப்படுகிறவன் வென்றான் என்று வங்காளமே கொண்டாடியது. அந்த வெற்றி கிடைத்த தேதி ஜூலை 29. சரியாக முப்பத்தேழு வருஷங்கள் கழித்து, அதே ஜூலை 29-ந் தேதிதான் அதே கிளப்பின் ஆட்டக்காரர் வெம்ப்ளியில் கொடி ஏந்தி நடந்தார்!

அப்படிப்பட்ட கிளப்பில் தலிமேரன் சில காலத்துக்குள்ளேயே காப்டன் ஆனார். அவர் வந்த 1943-லும் அடுத்த 1944-லும் மோகன் பாகான் கல்கத்தா லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. 1911-க்குப் பிறகு கைக்கு எட்டாமலே இருந்த ஐ.எப்.ஏ. கேடயத்தையும் 1947-ல் மீண்டும் வென்றது. பகலில் பிணச்சாலையிலும் நோயாளிகளின் படுக்கை அருகிலும் பாடம். சாயங்காலம் மைதானத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் முன்னால் ஆட்டம். இரட்டை வாழ்க்கைதான்.

நடுவில் நிற்பவர்

கோல் போடுகிறவர் பெயர் பத்திரிகையில் வரும். கோலைத் தடுக்கிற கோல்கீப்பர் பெயரும் வரும். நடுவில் ஆடுகிற ஹாப் பாக் ஆட்டக்காரர் பெயர் அவ்வளவாக வருவதில்லை. தலிமேரனுக்கு வாய்த்த இடம் அந்த நடு வரிசை.

அந்தக் காலத்துக் கோஷ்டி நிற்கும் முறை வேறு. கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பாக்; அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாப் பாக்; அதற்கும் முன்னால் ஐந்து பார்வர்டு. எதிரிகளின் ஐந்து பார்வர்டுகளும் பாய்ந்து வரும்போது முதலில் முட்டிக் கொள்ள வேண்டியவர் ஹாப் பாக். பந்தைப் பறித்த மறு வினாடியே தம்முடைய பார்வர்டுக்கு அதை அனுப்ப வேண்டியவரும் அவர்தான். முன்னால் ஓட்டம், பின்னால் ஓட்டம், பக்கவாட்டில் ஓட்டம். களைத்து நிற்க நேரமில்லை. பார்வர்டு தவறினால் ஒரு கோல் வாய்ப்புப் போகும். ஹாப் பாக் தவறினால் கோட்டையே திறந்துவிடும்.

இந்த வேலைக்குக் காலில் பலம் மட்டும் இருந்தால் போதாது. பதற்றமில்லாத புத்தி வேண்டும். ஆட்டம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை முன்கூட்டியே பார்க்கும் கண் வேண்டும். தலிமேரனிடம் அவை இருந்தன. அதனால்தான் எட்டாத தொலைவிலிருந்து வந்த மலையாள் ஒருவரை வங்காளிகள் தங்கள் பிரியமான கிளப்புக்குத் தலைவராக ஏற்றுக் கொண்டார்கள்; தேசமும் தன் கோஷ்டிக்குத் தலைவராக்கியது.

வெறுங்காலர் படை

1948 ஒலிம்பிக்குக்குப் புறப்பட்ட இந்தியக் கால்பந்துக் கோஷ்டிக்குப் பாலாய்தாஸ் சட்டர்ஜி பயிற்சியாளர். காப்டன் தலிமேரன் ஆவோ. பாக் வரிசையில் புகழ் பெற்ற சைலேன் மன்னா. தமிழ்க் காதுகளுக்குப் பழகிய பெயர்களும் அந்தக் கோஷ்டியில் உண்டு: வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், சாரங்கபாணி ராமன். வங்காளியும் மைசூர்க்காரரும் மற்றப் பிரதேசத்தவரும் கலந்த கோஷ்டிக்கு ஒரு நாகர் தலைவர். பிரிவினைக் காயம் ஆறாத அந்த நாளில் அதுவே ஒரு காட்சி!

ஜூலை 31-ந் தேதி, லண்டனை அடுத்த இல்போர்டு நகரத்தில் கிரிக்கிள்பீல்டு திடலில் பிரான்ஸ் தேசத்தை இந்தியா எதிர்த்தது. நம் ஊர்க் கணக்கில் அது ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் பருவம்.

ஆடிச் சாரலில் ஊறிய திடலில் பந்து உதைத்த தென்காசிப் பிள்ளைகளுக்கு வெறுங்கால் ஆட்டத்தின் சுகமும் தெரியும், ஆபத்தும் தெரியும். காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்தின் ஒவ்வொரு அசைவும் தெரியும். விரலாலும் பாதத்தாலும் பந்தோடு பேசலாம். நனைந்த புல்லிலோ கால் வழுக்கும். கனமான பந்து பாதத்தைப் பதம் பார்க்கும். எதிரி பூட்ஸ் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். இந்தியக் கோஷ்டியில் பெரும்பாலோர் அன்று வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். சிலர் கட்டுத்துணி சுற்றியிருந்தார்கள். ஆங்கிலேய ரசிகர்கள் கண்ணை அகல விரித்தார்கள்.

பரிகாசமாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் சற்று நேரத்தில் கை தட்டத் தொடங்கினார்கள். முப்பதாவது நிமிஷத்தில் பிரான்ஸின் கூர்பான் ஒரு கோல் போட்டார். ஆனால் இந்தியர்கள் சளைக்கவில்லை. சரிக்குச் சரியாக ஆடினார்கள். கோல்கள் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. இரண்டு பெனால்டி கிக் கிடைத்தும் இரண்டும் வீணாயின. ஒன்றை மன்னா தவறவிட்டார். மற்றொன்றை மகாவீர் பிரசாத் தவறவிட்டார். எழுபதாவது நிமிஷத்தில் ராமன் பந்தை வலைக்குள் அனுப்பினார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது.

ஆட்டம் சமநிலை. இன்னும் ஒரு நிமிஷந்தான் பாக்கி. அந்த எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் பிரான்ஸின் பெர்சியோன் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். இரண்டுக்கு ஒன்று. இந்தியா வெளியேறியது.

தோற்ற கோஷ்டிதான். ஆனாலும் திடலை விட்டு வரும்போது கிடைத்த மரியாதை வென்ற கோஷ்டிக்குக் குறைந்ததல்ல. ரேஷன் சீட்டு வைத்திருந்த லண்டன்வாசிகளுக்கு அந்த வெறுங்கால் ஆட்டம் நெடுநாள் பேச்சாக இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 12-ந் தேதி, இந்திய ஹாக்கிக் கோஷ்டி பிரிட்டனையே நான்கு கோல் கணக்கில் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வென்றது. அந்தப் பேரொலியில் கால்பந்துக்காரர்களின் ஆட்டம் நாளடைவில் மங்கிப் போனது இயற்கையே.

ஏன் பூட்ஸ் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் காப்டனைக் கேட்டார்களாம். காலால் ஆடுவதால்தானே அதற்குக் கால்பந்து என்று பெயர். பூட்ஸால் ஆடினால் அது பூட்ஸ் பந்தாகிவிடும் என்று அவர் சிரித்துக் கொண்டே பதில் சொன்னதாக இன்றும் பேசுவார்கள். இல்லாமையைக் கூசாமல் சொல்லவும் வேண்டும், நாட்டின் மானமும் போகக் கூடாது. அதற்கு இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்க முடியும்?

மறுத்த பதவி

லண்டனிலிருந்து நேரே ஊர் திரும்பவில்லை. ஹாலந்து முதலிய இடங்களில் சிநேகப் பந்தயங்கள் ஆடினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் பெயர் பெற்ற அயாக்ஸ் கிளப்பை இந்தியக் கோஷ்டி நன்றாகவே தோற்கடித்தது.

இந்தச் சமயத்தில்தான் தலிமேரனின் வாழ்க்கையில் அந்தப் பெரிய சோதனை வந்தது. லண்டனின் ஆர்சனல் கிளப் ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு அவரை அழைத்தது என்று அவரைப் பற்றிய வரலாறுகள் எல்லாம் கூறுகின்றன.

ஆர்சனல் லேசுப்பட்ட கிளப் அல்ல. 1947-48-ம் வருஷத்தில் இங்கிலாந்து லீக் போட்டியில் முதலிடம் பெற்ற கிளப். அந்த நாளில் இங்கிலாந்துக் கால்பந்துக்காரர்களுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 12 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்த வரம்பு 1961-ல்தான் நீங்கியது. இருந்தாலும் 12 பவுன் என்பது அன்றைய நம் பணத்தில் 160 ரூபாய். அதுவும் ஒரு வாரத்துக்கு! கல்கத்தாவில் படித்துக் கொண்டிருந்த, தகப்பனாரை இழந்த மாணவருக்கு அது சாமான்யமான தொகையா?

பணம் மட்டுமா? இங்கிலாந்தின் முதல்தரக் கிளப்பில் ஓர் இந்தியர் ஆடுவது என்றால் அன்றைக்கு உலகமே திரும்பிப் பார்த்திருக்கும்.

தலிமேரன் மறுத்துவிட்டார். கல்லூரிப் படிப்பு முடியவில்லை. முடித்துவிட்டு மலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு வருஷம் என்று தங்குகிறவன் இரண்டு வருஷம் தங்குவான்; பிறகு பாடப் புத்தகம் எங்கே, பரீட்சை எங்கே? அவர் கல்கத்தாவுக்குக் கப்பலேறுகிறவர்களின் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார் என்று இங்கிலாந்தில் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு முடிவினால் நாகா மலைக்கு ஒரு டாக்டர் கிடைத்தார்.

திரும்பி வந்தார்

1950-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். 1942-ல் சேர்ந்தவர், இடையில் எட்டு வருஷங்கள். அந்த எட்டு வருஷங்களுக்குள் யுத்தம், பஞ்சம், கலவரம், பிரிவினை, சுதந்திரம், ஒலிம்பிக் எல்லாம் அடங்கிவிட்டன. தகப்பனார் இறந்து பதினைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வாக்கில் பாதி நிறைவேறிற்று.

மறு வருஷம், 1951-ல், டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடந்தன. இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஈரானை ஒரு கோல் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. லண்டனில் தலிமேரனுக்குக் கீழ் ஆடிய சைலேன் மன்னாதான் காப்டன். வெற்றிக் கோலைப் போட்ட மேவாலாலும் லண்டன் சென்ற கோஷ்டியைச் சேர்ந்தவர். மேடை மேல் நின்று பதக்கம் வாங்கியவர்களில் பழைய காப்டன் இல்லை. அவருக்கு அப்போது டாக்டர் தொழில் வந்துவிட்டது.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் விறைத்த வெறுங்கால்களோடு ஆடிய இந்தியா, யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றது. அதன் பிறகுதான் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. வெறுங்கால் ஆட்டத்தின் யுகம் முடிந்தது.

டாக்டர் ஆவோ முதலில் திப்ருகார் வைத்தியக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கேயே இருந்திருந்தால் பெரிய நிபுணராகவும் ஆசிரியராகவும் உயர்ந்திருக்கலாம். ஆனால் 1953-ல் கோஹிமாவில் நாகா ஆஸ்பத்திரிக்கு அஸிஸ்டென்ட் ஸிவில் ஸர்ஜனாக வந்து சேர்ந்தார். வாக்கின் மறு பாதியும் நிறைவேறத் தொடங்கிற்று.

கோஹிமா ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உள்ள ஊர். ஒன்பது வருஷங்களுக்கு முன்புதான் குண்டுகளால் சின்னாபின்னமான ஊர். சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குச் சாலை சரியாகக் கிடையாது. நோயாளியை மலைப் பாதையில் தூக்கிக் கொண்டுதான் வர வேண்டும். போதாக்குறைக்கு அந்தப் பத்தாண்டில் நாகா மலை முழுவதும் கிளர்ச்சியும் துப்பாக்கிச் சத்தமுமாக அமைதியிழந்து கிடந்தது. பட்டணத்து டாக்டர்கள் மாற்றலாகி வர யோசிக்கும் இடம்.

அங்கேதான் அவர் தங்கினார். ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல, கால் நூற்றாண்டு! 1963 டிசம்பர் முதல் தேதி நாகாலாந்து தனி மாநிலமாக உதயமாயிற்று. புதிய மாநிலத்துக்குப் பள்ளிகள் வேண்டும், சாலைகள் வேண்டும், ஆஸ்பத்திரிகள் வேண்டும். டாக்டர் ஆவோ படிப்படியாக உயர்ந்து, மாநிலத்தின் சுகாதார இலாகா டைரக்டர் ஆனார். 1978-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மனைவி பெயர் தேய்கிம். நான்கு குழந்தைகள். கோஹிமாவே அவருக்குச் சொந்த ஊராகிவிட்டது.

லாபமா, நஷ்டமா?

தென்காசியிலும் சரி, திருநெல்வேலியிலும் சரி, பிள்ளை பந்தைத் தூக்கிக் கொண்டு கிளம்பினால் வீட்டில் ஒரு சண்டை உண்டு. படிப்பா, விளையாட்டா என்பதுதான் சண்டை. அப்பா படிப்பு என்பார். பையன் விளையாட்டு என்பான். டாக்டர் ஆவோவின் கதையை இரண்டு பேருமே தத்தம் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடலாம்.

பந்தாட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று சொல்கிற தகப்பனார், ஒலிம்பிக் காப்டனாக இருந்து கொண்டே எம்.பி.பி.எஸ். தேறிய ஒருவர் இருந்தார் என்பதை நினைத்துக் கொள்ள வேண்டும். ஆட்டத்தில் பெயர் வந்தால் மற்றது எதற்கு என்று சொல்கிற பிள்ளை, பெயர் உச்சத்தில் இருந்தபோதே மற்றதற்காகப் பெயரை விட்டவர் ஒருவர் இருந்தார் என்பதை நினைத்துக் கொள்ள வேண்டும்.

அவர் விட்டுக் கொடுத்தது சிறிதல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆர்சனலுக்கு ஆடியிருந்தால் இந்தியக் கால்பந்தின் போக்கே மாறியிருக்குமோ என்று ஏங்குகிற ரசிகர்கள் உண்டு. அந்த ஏக்கத்தில் நியாயமும் உண்டு. ஆனால் கோஹிமா ஆஸ்பத்திரியில் ஜுரத்தோடு வந்து குணமாகி வீடு திரும்பியவர்களிடம் போய் இந்தக் கணக்கைக் கேட்டால் அவர்கள் வேறு பதில் சொல்லியிருப்பார்கள். டைபாய்டில் தகப்பனாரைப் பறிகொடுத்தவருக்கு இரண்டு கணக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்.

ஒரு விதத்தில் பார்த்தால் அவர் ஆட்டத்தை விடவேயில்லை என்றும் சொல்லலாம். ஹாப் பாக் வேலை என்ன? வருகிற ஆபத்தைத் தடுப்பது. பந்தைப் பிறருக்குக் கொடுப்பது. கோல் பிறர் பெயரில் விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது. மலை ஊர் டாக்டரின் வேலையும் ஏறக்குறைய அதுவே.

பின்னால் வந்த புகழ்

1998-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 13-ந் தேதி கோஹிமாவில் டாக்டர் தலிமேரன் ஆவோ காலமானார். வயது எண்பது.

உயிரோடு இருந்த காலத்தில் தேசம் அவரை அதிகம் நினைக்கவில்லை. கல்கத்தாவில் பழைய மோகன் பாகான் ரசிகர்களும், நாகா மலையில் அவரிடம் வைத்தியம் பார்த்துக் கொண்டவர்களும் நினைத்தார்கள். காலமான பிறகு நிலைமை மாறியது. அவர் படித்த கௌஹாத்திக் காட்டன் கல்லூரியில் உள்விளையாட்டரங்குக்கு அவர் பெயர் சூட்டினார்கள். அஸ்ஸாமில் கலியாபோரில் ஒரு ஸ்டேடியத்துக்கும் அவர் பெயர். வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே டாக்டர் டி. ஆவோ நினைவுக் கோப்பைக்காகக் கால்பந்துப் போட்டி 2009-ல் தொடங்கப்பட்டது. 2018-ல் நூற்றாண்டு வந்தபோது அவருடைய உருவம் தபால் தலையில் ஏறியது.

இன்று வடகிழக்கு மலைகளிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் நாட்டின் பெரிய கால்பந்துக் கோஷ்டிகளில் ஆடுகிறார்கள். தோல் பந்து, பூட்ஸ், பயிற்சியாளர், சம்பளம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. துணிப்பந்தை உதைத்து வளர்ந்த ஒருவர்தான் அந்தப் பாதையில் முதல் ஆளாக நடந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கொடியை ஏந்திய கை, அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷங்கள் கோஹிமாவில் நோயாளிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கொண்டிருந்தது.